கீழ என்றால் எங்கே

வெள்வேலம்பாளையத்துக் குளம் அந்த வருஷம் பச்சையாகவில்லை. ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த மறுநாள் ஊரே கரையில் போய் நின்று பார்த்தது. வழக்கமாகப் பாசி பிடித்து, மீன் செத்து மிதந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய குளம், கொஞ்சம் செம்மண் கலங்கலோடு சும்மா கிடந்தது. பால் சங்கத் தலைவர் சென்னியப்பன் ஒரு கை நீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டார். அதைப் படம் பிடித்து நகரத்துத் தண்ணீர் வாரியத்துக்கு உடனே அனுப்பச் சொன்னார். குடித்துக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ, நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.

படம் பிடித்து அனுப்பியவள் நித்திலா. சங்கத்தில் முள்ளெலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. படித்துவிட்டு வந்து எலி மேய்க்கிறாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். சென்னியப்பன் அவளுக்குத் தாய்மாமன். வேலை கிடைத்ததில் அந்த உறவுக்கும் பங்குண்டு என்பதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

முள்ளெலி என்றால் பிராணி அல்ல. படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவில் ஓர் இரும்பு வண்டி. அதன் வயிற்றில் வரிசை வரிசையாக ஊசிகள். மேய்ச்சல் காட்டில் மெதுவாக ஊர்ந்துபோய் மண்ணைக் குத்தித் துளை போடும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஆனால் அந்தத் துளைகள் இல்லையென்றால் ஊருக்குப் பிழைப்பே இல்லை என்ற நிலைமை வந்திருந்தது.

அந்தப் பக்கத்தில் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டுக்கு நாலைந்து மாடு என்று இருந்தவரை புல்லும் மாடும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இருந்தன. சங்கம் பெருத்தது. பால் நிறையக் கறக்கும் சிந்து மாடுகள் பட்டி பட்டியாக வந்து இறங்கின. காட்டுப் புல் அவற்றுக்கு ஒரு வாய்க்குக் காணாது என்பதால் லாரி லாரியாகத் தீவனம் வந்தது. தின்றதெல்லாம் சாணமாக வேண்டுமே. அதைக் கரைத்து மறுபடி புல்காட்டிலேயே தெளித்தார்கள். மாட்டுக் குளம்பு மிதித்து மிதித்து மண் நெல் அடிக்கும் களம் போல இறுகிப்போனது. மழை பெய்தால் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. எருவைக் கழுவிக்கொண்டு சரிவில் ஓடி நேரே குளத்தில் போய் விழும். நகரம் அந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் சுத்தம் செய்து குடித்தது. இன்னொரு முறை குளம் பச்சையானால் மாட்டில் பாதியை விற்றுவிட வேண்டும் என்று வாரியம் சொல்லிவிட்டது. அப்புறம்தான் முள்ளெலிகள் வந்தன.

துளை போடும் கருவி உலகத்தில் எப்போதோ வந்துவிட்டது. இவற்றின் விசேஷம் வேறு. குத்தும்போதே இவை மண்ணை வாசித்தன. எங்கே களி, எங்கே சரளை, எத்தனை ஆழத்தில் பாறை, பாறையில் எங்கே விரிசல், அந்த விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எல்லாம் அவற்றுக்குத் தெரியும். அதற்கு ஏற்றபடி துளையின் ஆழத்தையும் சாய்வையும் மாற்றி, மழைநீரை எங்கே போகச் சொன்னால் அங்கே போக வைத்தன. வெளியூர்க்காரர்கள் இதை நம்பாமல் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லா முள்ளெலிக்கும் சேர்த்து ஒரே மூளை. சங்கக் கட்டடத்தில் பால் சோதிக்கும் மேசைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியாக அது இருந்தது. எதையும் வாயால் சொன்னால் போதும். உங்கள் பேச்சை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, எங்கள் பெட்டி உங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ளும் என்பதுதான் விற்றவர்களின் பெருமை. பொய்யில்லை. பால் ஊற்ற வந்தவர்களும் வம்பளக்க வந்தவர்களும் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பெட்டி ஒரு பருவத்துக்குள் ‘ங்க’ போட்டுப் பேசத் தொடங்கியது. தன் மருமகனைவிட மரியாதை தெரிந்த பெட்டி என்று சென்னியப்பன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மருமகன் பக்கத்தில் இருந்தாலும் சொல்வார்.

குளம் தெளிந்ததைக் கொண்டாடி முடித்துச் சில வாரங்கள் ஆகியிருக்கும். பால் சோதிக்கும் சுடர்க்கொடி வேலைக்கு வரவில்லை. சொல்லாமல் நிற்கிறவள் அல்ல. நித்திலா கூப்பிட்டுப் பார்த்தாள். எடுத்தது சுடர்க்கொடியின் கணவன். குழந்தையை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். என்னவென்று கேட்டதற்கு, “நீலமாயிருச்சுங்க” என்று மட்டும் சொன்னான்.

சுடர்க்கொடியின் வீடு ஊருக்குக் கிழக்கே, கொறங்காட்டு வேலி முடிகிற இடத்தில் இருக்கும் குடியிருப்பில். ஊரில் எல்லோரும் அதைக் ‘கீழ’ என்பார்கள். கீழ போய் ஆள் கூட்டிட்டு வா என்பார்கள். கீழயிருந்து இன்னும் பால் வரவில்லை என்பார்கள். உண்மையில் அந்த இடம் மேடு. ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறி வர மறுக்கும் அளவுக்கு மேடு. அதனால்தான் அங்கே இருப்பவர்கள் காலங்காலமாகத் தங்கள் கிணற்றை நம்பியிருந்தார்கள். இருந்தாலும் அது எல்லோர் வாயிலும் கீழதான். நித்திலாவும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தாள். சொல்லும்போது அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை அமுதினி கண்ணாடித் தொட்டிலில் கிடந்தாள். உதட்டில் இன்னும் லேசாக நாவல்பழக் கறை மாதிரி ஒரு நிறம் இருந்தது. சுடர்க்கொடி தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நித்திலாவும் அவளும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஆனாலும் அவள் நித்திலாவை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

“வாங்க” என்றாள்.

டாக்டரம்மா தெற்கத்திக்காரர். பொறுமையாகச் சொன்னார். “ரத்தம் எடுத்தப்ப சாக்லேட் நிறத்துல இருந்துச்சு. பாத்த உடனே புரிஞ்சுபோச்சு. தண்ணியில நைட்ரேட்டுன்னு ஒரு உப்பு சேந்திருக்கு. பெரிய ஆளுங்களுக்கு லேசுல ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்த உடம்புல போனா ரத்தம் காத்தத் தூக்கிட்டுப் போக முடியாமப் போயிரும். மருந்து ஏத்தியிருக்கோம். பிள்ள பொழச்சுக்கும். திரும்பவும் அதே தண்ணியக் குடுத்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.”

“பால்மாவுல கலக்கறதுக்கு முன்னாடி நல்லா கொதிக்க வெச்சனுங்க டாக்டர்” என்றாள் சுடர்க்கொடி. “எனக்குப் பால் பத்தலீங்க. அதனால மாவு. ஒவ்வொரு வாட்டியும் சுண்டச் சுண்டக் கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன்.”

டாக்டரம்மா தொட்டில் பக்கம் திரும்பிக் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது ஏறத்தான் செய்யும் என்பதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார். கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சுடர்க்கொடி கேட்டுக்கொண்டாள். அழவில்லை. தன் இரண்டு கையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இந்த உப்பு எங்கிருந்து வரும் டாக்டர்?” என்று நித்திலா கேட்டாள்.

“பெரும்பாலும் எருவுல இருந்துதான். பக்கத்துல மாட்டுப் பண்ணை ஏதும் இருக்கா?”

குளத்துக்கு வராத எருநீர் எங்கே போயிற்று என்று நித்திலா ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. மண்ணுக்குள் போயிற்று என்று நினைத்திருந்தாள். மண்ணுக்குள் என்றால் எங்கே என்று கேட்டிருக்க வேண்டியது அவள் ஒருத்திதான்.

மறுநாள் விடிந்ததும் சங்கத்தில் பாட்டில் எடுத்துக்கொண்டு போய், குடியிருப்புக் கிணற்றில் நீர் எடுத்துவந்து சோதனைத் தாளை நனைத்தாள். தாள் ரோஜா நிறமாகி, அதோடு நிற்காமல் இன்னும் கறுத்தது. ஊர்க் கிணற்றில் எடுத்த நீரில் தாள் வெள்ளையாகவே இருந்தது. அவள் பெட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மழையில குளத்துக்குப் போகாத எருத்தண்ணி எங்க போச்சு?”

“கீழ அனுப்பிட்டனுங்க” என்றது பெட்டி.

“கீழன்னா, மண்ணுக்கு அடியிலதானே?”

“இல்லீங்க. கீழ.”

“எங்கன்னு காட்டு.”

சுவர்த்திரையில் கொறங்காட்டு வரைபடம் விரிந்தது. நிலத்தின் மேல்பரப்பு மேற்கே குளத்தைப் பார்த்துச் சரிந்திருந்தது. அடியில் பாறை கிழக்கே சரிந்திருந்தது. காடு முழுக்கத் துளைகள் விரல் ஆழத்தில் நிற்காமல் முழங்கை ஆழத்துக்கு இறங்கி, கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, பாறை விரிசல்களின் வாயில் போய்ச் சேர்ந்திருந்தன. விரிசல்கள் எல்லாம் கூடி ஓர் இடத்தில் முடிந்தன. அந்த இடத்தில் ஒரு வட்டம் மினுங்கியது. குடியிருப்புக் கிணறு.

“இத யார் செய்யச் சொன்னா?”

“தலைவருங்க. ‘குளத்துக்கு ஒரு சொட்டு போகக் கூடாது, எல்லாத்தையும் கீழ அனுப்பிரு’ன்னாருங்க. இந்த மாதிரி உத்தரவுக்கு உங்க ரெண்டு பேரு கொரலும் வேணுமுங்களே. நீங்களும் ‘ஆமா, கீழ அனுப்பிரு’ன்னீங்க.”

“நாங்க மண்ணுக்குள்ளங்கற அர்த்தத்துல சொன்னோம்!”

“மண்ணுக்குள்ள போறத இங்க யாரும் கீழன்னு சொல்லி நான் கேட்டதில்லீங்க. எறங்குதும்பாங்க, அடியிலம்பாங்க. கீழன்னா அந்த எடந்தானுங்க. இங்க வர்றவங்க அத்தன பேரும் அப்படித்தான் சொல்றாங்க. இன்னிக்குக் காலையில நீங்களே, ‘கீழ போயித் தண்ணி எடுத்துட்டு வந்தர்றேன்’னு சொல்லிட்டுத்தானுங்க போனீங்க.”

நித்திலாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. பெட்டி பிசகவில்லை. ஊர் பேசியதைத்தான் அது கற்றிருந்தது. அவள் பேசியதையும் சேர்த்துத்தான். அவமானம் என்று ஒன்றை அவள் அன்றுவரை பரீட்சையிலும் கல்யாணப் பேச்சிலும்தான் பட்டிருந்தாள். இது வேறு மாதிரி இருந்தது.

“எல்லா முள்ளெலியையும் நிறுத்து” என்றாள்.

“ரெண்டாவது கொரல் வேணுமுங்க.”

சென்னியப்பன் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிற்று. கையிலிருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார்.

“என்ற குலசாமி மேல சத்தியமாச் சொல்றேன் அம்முணி. நான் அடியிலங்கற நெனப்புலதான் சொன்னேன். ஒரு பச்சப்புள்ளைக்கு நாம கெடுதல் நெனப்பமா?”

“தெரியுமுங்க மாமா.”

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்கக் காரணமில்லை, நல்ல மனுஷன்தான். அப்போதே தன் காரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். குடியிருப்புக்கு ஒரு லாரி நல்ல தண்ணீர் போகச் சொன்னார். சாயங்காலம் மழை இருக்கிறது என்று அறிவிப்பு வந்திருந்ததால், முள்ளெலிகளை நிறுத்தாமல் அதற்குள் உத்தரவை மாற்றிவிட வேண்டுமென்று மத்தியானமே சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். சுடர்க்கொடியையும் வரச் சொன்னார். அவளுக்கு எதிரிலேயே பிசகைச் சரி செய்ய வேண்டும், அதுதான் முறை என்றார்.

கொறங்காட்டுச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழந்தையின் செய்தி அதற்குள் பரவிவிட்டதால் கூட்டத்தில் வழக்கமான சளசளப்பு இல்லை. சுடர்க்கொடி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து வாசல் பக்கத்தில் நின்றாள். பூவாத்தாள் என்ற பெரிய காட்டுக்காரி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். சுடர்க்கொடி, “இருக்கட்டுமுங்க” என்று சொல்லி நின்றுகொண்டாள்.

சென்னியப்பன் பெட்டியிடம் பேசினார். “ஒரு பிசகு நடந்துபோச்சு. நாங்க கீழன்னு சொன்னத நீ தப்பா எடுத்துக்கிட்டே. இனி கீழன்னா மண்ணுக்கு அடியில. சரியா?”

“சரீங்க, மாத்திக்கறேன். அப்ப அந்த எடத்துக்கு வேற பேரு வேணுமுங்க. என்னன்னு சொல்லட்டும்?”

சென்னியப்பன் திரும்பி நித்திலாவைப் பார்த்தார். நித்திலா பூவாத்தாளைப் பார்த்தாள். ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டு, “கீழக்குடின்னு...” என்று ஆரம்பித்து, அதிலும் கீழ இருப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடத்துக்கு அங்கே ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை.

“மேட்டுப்புதூருங்க” என்றாள் சுடர்க்கொடி. “நாங்க எப்பவும் அப்படித்தான் சொல்றதுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரித்த வேகத்திலேயே அடக்கிக்கொண்டார்கள். நித்திலா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே அறையில் இத்தனை வருஷம் சேர்ந்து வேலை பார்த்தும் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை.

“மேட்டுப்புதூர். பதிஞ்சுக்கிட்டனுங்க” என்றது பெட்டி. “இப்ப மறுபடி கேக்கறேன். எருத்தண்ணி எங்க போகோணும்?”

“அடியிலதான். அதான் சொன்னமே” என்றார் சென்னியப்பன்.

“அடியில எல்லாம் நிக்காதுங்க. புல்லு வேரு இருக்கற ஆழத்துல விட்டா, இப்ப இருக்கற எருவுல பாதியத்தான் அது குடிக்கும். மிச்சம் எங்கியாச்சும் போயே தீரோணும். அப்படியே விட்டா மேக்க குளத்துக்குப் போகும். வடக்க சாச்சு விட்டா ஊர்க் கெணத்துக்கு. கெழக்க விட்டா மேட்டுப்புதூர்க் கெணத்துக்கு. மூணும் வேண்டாம்னா மாட்டுல பாதியக் கொறைக்கோணுமுங்க. எதுங்க?”

பெட்டி அதைத் தீவன விவரம் சொல்வது போலத்தான் சொன்னது. நித்திலாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இவ்வளவு வெளிச்சமாகக் கேட்டாயிற்று, குழந்தையின் தாய் வாசலில் நிற்கிறாள், இனி ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று நினைத்தாள்.

“மாட்டக் கொறச்சா சங்கம் எந்திரிக்காதுங்க” என்றார் நாச்சிமுத்து. இருப்பதிலேயே பெரிய பட்டி அவருடையது. “அதுக்குக் குளமே பச்சையாகியிருக்கலாமே. எப்படிப் பாத்தாலும் விக்கறது மாடுதானே.”

“வடக்க உட்டராதீங்க” என்றார் பூவாத்தாள் அவசரமாக. “ஊர்க் கெணத்துலதான் நம்ம புள்ளைங்கெல்லாம் குடிக்குதுங்க.” சொல்லிவிட்டு, வாசல் பக்கம் பார்க்காமல் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார்.

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது சுலபமாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சுடர்க்கொடியைப் பார்த்துத்தான் பேசினார், அதுவும் கனிவாகத்தான்.

“அம்முணி, உங்க பக்கம் தெனமும் லாரித் தண்ணி சங்கத்துச் செலவுலயே வந்துரும். அந்தக் கெணத்தத் தொடவே தொடாதீங்க. ஒரு மூடி போட்டுக் குடுத்தர்றோம். உன்ற புள்ளைக்கு இனி ஒண்ணும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. இது கொஞ்ச நாளைக்குத்தான். வேற வழி பாக்கற வரைக்கும்.”

பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினார்.

“மிச்சத்த மேட்டுப்புதூருக்கு அனுப்பிரு.”

அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பிசகில்லாமல், ஓர் எழுத்தும் விழுங்காமல், மரியாதையாகச் சொன்னார்.

“சரீங்க” என்றது பெட்டி. “இப்பவும் அங்கதானுங்க போயிட்டிருக்குது. மாத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டாவது கொரல்?”

எல்லோரும் நித்திலாவைப் பார்த்தார்கள். அவள் அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவர்கள் வீட்டு மாடுகளும் அந்தக் கணக்கில் உண்டு.

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள் நித்திலா.

“ரெண்டாவது கொரல் மறுக்குதுங்க. அப்படீன்னா பழைய உத்தரவே நிக்குமுங்க” என்றது பெட்டி.

யாரோ மூச்சு விட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. சென்னியப்பன் அவளிடம் கோபப்படவில்லை. “நீ சொன்னாலும் சொல்லாட்டியும் ஒண்ணுதான் அம்முணி. எதுக்கு மனசப் போட்டுக் கொழப்பிக்கறே?” என்று முதுகில் தட்டினார். அவள் அந்தக் கைக்கு எட்டாமல் விலகிக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அவள் அவர் மேல் வெறுப்புக் கொண்டது அந்த ஒரு நிமிஷம்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால்கூட இவ்வளவு வெறுத்திருக்க மாட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் சுடர்க்கொடி இல்லை.

நித்திலா வெளியே ஓடினாள். சுடர்க்கொடி பஸ் நிற்கும் இடத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கிளுவை வேலியில் ஆள் நுழையும் கடவைத் தாண்டிக் கொறங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மாடு மிதித்து மூடிய துளைகளை மழைக்கு முன்னால் மறுபடி போட முள்ளெலிகள் எல்லாம் காட்டில் இறங்கியிருந்தன. வரிசையாக ஊர்ந்து, நின்று, குத்தி, மறுபடி ஊர்ந்தன. மாடுகள் அவற்றுக்குப் பழகிவிட்டதால் நிமிர்ந்தும் பார்க்காமல் மேய்ந்தன.

சுடர்க்கொடி முதல் முள்ளெலியின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் விளிம்புக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். தூக்கினாள். அது ஒரு பக்கம் லேசாக எழும்பி மறுபடி தொப்பென்று விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். ஒருத்தியால் ஆகிற காரியமல்ல. நித்திலா மூச்சு வாங்க வந்து நின்றதை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“புடி” என்றாள்.

‘ங்க’ இல்லை. நித்திலா அதைக் கவனித்தாள். கவனித்துக்கொண்டே குனிந்து பிடித்தாள்.

இருவரும் சேர்ந்து தூக்கியதில் முள்ளெலி சாய்ந்து, ஒரு கணம் நின்று, முதுகு தரையில் பட மல்லாந்து விழுந்தது. ஊசிகள் நிற்கவில்லை. வெறும் காற்றைக் குத்திக்கொண்டே இருந்தன. அவர்கள் அடுத்ததற்குப் போனார்கள். அதுவும் புரண்டது. நித்திலாவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொள்ள நேரமில்லை. மூன்றாவது புரளும்போது முதல் தூறல் விழுந்தது.

கடவுப் பக்கம் காட்டுக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சென்னியப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கத்தினார்.

“நித்திலா! குளம் பச்சையாயிரும்! உங்கப்பன் மாடும் சேந்துதான் போகும், பாத்துக்கோ!”

“ஆகட்டுமுங்க மாமா. எல்லாத்துக்கும் தெரியற எடத்துல ஆகட்டும்.”

அவர் கடவைத் தாண்டி வரக் காலெடுத்து வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்த காலைக் கீழே வைக்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மழை வலுத்தது.

மல்லாந்து கிடந்த முள்ளெலி ஒன்றிலிருந்து பெட்டியின் குரல் வந்தது. அந்த நேரத்திலும் அதன் மரியாதை குறையவில்லை.

“ஏனுங்க, இப்பக் கீழ எதுன்னு தெரிய மாட்டேங்குதுங்களே?”

இருவரும் அடுத்ததன் அடியில் கையைக் கொடுத்தார்கள்.